முப்பத்தோரு அடுப்புக்கு ஒரு பத்திரிகை

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களை நம்பி வீட்டுக் கல்யாண வேலை எதையும் ஒப்படைக்காதீர்கள். வாழை இலை எண்ணச் சொல்லுங்கள், சாமான் பட்டியல் சரிபார்க்கச் சொல்லுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் பக்கம் மட்டும் விட்டுவிடாதீர்கள். யாரையோ மனதில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. அந்த நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான்தான். (வாங்கியது இயற்கணிதத்தில். பங்காளிகள் எனக்குப் போட்ட மார்க் வேறு.)

அப்போது நான் செங்கல்பட்டில் எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஊரப்பாக்கத்தில் வீடு. காலையில் ரயில் பிடித்துப் போய், சாயங்காலம் ரயில் பிடித்து வருவேன். இடைப்பட்ட நேரத்தில் உலகத்தில் என்னைவிடப் புத்திசாலி யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அந்த வருஷம்தான் செல்வி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். முப்பது வருஷம் கம்பம் ஏறியவர், ஒரு நாள்கூடக் கீழே விழுந்ததில்லை. ஓய்வு பெற்று, பெண்ணுக்குக் கல்யாணம் வைத்து, பத்திரிகை அச்சாகி வந்த மறுநாள் எங்கள் வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். முழங்கால் வரை மாவுக்கட்டு. பத்திரிகை வைக்க வேண்டியவர் கட்டிலில் கிடந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியதால் அம்மாவாலும் நகர முடியவில்லை.

அம்மா வழிச் சொந்தமெல்லாம் பக்கத்திலேயே, கூடுவாஞ்சேரியைத் தாண்டாது. அதை அம்மா ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டாள். சிக்கல் நைனாவின் பங்காளிகள்தான். மொத்தம் முப்பத்தோரு வீடு. பாதி சதுரங்கப்பட்டினத்தில், மீதி கிழக்குக் கடற்கரைச் சாலையோடு தெற்கே போனால் வரும் கடப்பாக்கத்தில்.

"நான் போறேன் நைனா" என்றேன்.

நைனா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்னால முடியுமா? நின்னு பேசணும், ஒக்காந்து காப்பி குடிக்கணும், ஒவ்வொரு வூட்லயும் தட்டுல வெச்சிக் குடுக்கணும். பெரியவங்க வர முடியல, தப்பா நெனச்சிக்காதீங்கன்னு சொல்லணும்."

"கால்குலஸையே முடிச்சவ நைனா நானு."

"அதுக்கு இன்னா பண்றது" என்றார் நைனா. ஆனாலும் வேறு ஆள் இல்லை. வீடுகளின் பெயரெழுதிய நோட்டும் முப்பத்தோரு பத்திரிகையும் என் கைக்கு வந்தன.

இந்த இடத்தில் ஒரு சின்ன பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

அந்த வாரம்தான் கல்லூரியில் சமானத் தொடர்பை மறுபடி ஒருமுறை ஆழமாக நடத்தினார்கள். ஒரு கூட்டத்துக்குள் ஏதோ ஒரு உறவு இருக்கிறது. அதற்கு மூன்று குணம் இருந்தால் அது சமானத் தொடர்பு. ஒன்று, ஒவ்வொருவருக்கும் தன்னோடேயே அந்த உறவு இருக்க வேண்டும். இரண்டு, நான் உனக்கு உறவென்றால் நீயும் எனக்கு உறவாக இருக்க வேண்டும். மூன்று, நான் உனக்கு உறவு, நீ அவருக்கு உறவு என்றால், நான் அவருக்கும் உறவு. இந்த மூன்றும் இருந்துவிட்டால் கூட்டம் முழுவதும் தனித்தனிக் குழுக்களாக அழகாகப் பிரிந்துவிடும். ஒருத்தர் இரண்டு குழுவில் இருக்க முடியாது. குழுவில் இல்லாதவர் என்று யாரும் மிஞ்சவும் மாட்டார்கள்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. இது நம்ம பங்காளி ஆயிற்றே!

சோதித்துப் பார்த்தேன். மச்சான் உறவு தேறாது. மச்சானுக்கு மச்சான் நமக்கு மச்சான் இல்லை, பங்காளியாகிவிடுவான். பேச்சுவார்த்தையும் தேறாது. சதுரங்கப்பட்டினம் ஏழுமலை சித்தப்பா நைனாவோடு பேசுவார், நைனா கடப்பாக்கம் மாசிலாமணி பெரியப்பாவோடு பேசுவார், ஆனால் சித்தப்பாவும் பெரியப்பாவும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. (குலதெய்வப் பொங்கலில் வெட்டிய ஆட்டின் தலை யாருக்கு என்ற சண்டை. தலை மூத்தவருக்குப் போக வேண்டும். வயதில் மூத்தவர் பெரியப்பா. ஆனால் மூத்த கிளை தன் வீடுதான் என்று சித்தப்பா வாதம். தகராறு முடிவதற்குள் தலையை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது.) இதையும் ஓர் உதாரணமாக என் நோட்டில் எழுதி வைத்தேன். நான் எழுதினேன், என் கையால். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பங்காளி உறவு மட்டும் மூன்றிலும் தேறியது. முதல் குணத்தில்தான் கொஞ்சம் சந்தேகம். யார் வீட்டில் சாவு விழுந்தால் நம் வீட்டுக்கும் தீட்டோ, அவர் பங்காளி என்று சொல்வார்கள். அப்படியென்றால் எனக்கு நானே பங்காளியா? அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள். "கல்யாணத்த வெச்சிகினு சாவு, தீட்டுன்னு இன்னாடி பேச்சு? உனக்கு நீ பங்காளி இல்லடி. எதிரி."

அதை 'ஆம்' என்று எடுத்துக்கொண்டேன்.

ஆக, முப்பத்தோரு வீடும் ஒரே குலதெய்வம், ஒரே தீட்டு, ஒரே வகையறா. கணக்கின் மொழியில் ஒரே சமான வகுப்பு. அடுத்து வருகிற விதிதான் என்னைக் கவிழ்த்தது. ஒரு வகுப்பைச் சொல்ல அதிலிருக்கும் எல்லாரையும் சொல்ல வேண்டியதில்லை. யாராவது ஒருவரைப் பிடித்தால் போதும், அவர்தான் பிரதிநிதி. யாரைப் பிடித்தாலும் ஒன்றுதான்.

யாரைப் பிடித்தாலும் ஒன்றுதான்! இந்த வாக்கியத்தை எங்கள் பங்காளிகளில் எவரிடமாவது நேரில் சொல்லிப் பார்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், அங்கிருந்து சதுரங்கப்பட்டினம். ஊருக்குள் நுழைந்ததும் டச்சுக் கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால், சாலை ஓரத்திலேயே குமார் அண்ணன் வீடு. குமார், ஏழுமலை சித்தப்பாவின் இளைய மகன். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துவராமல் அப்போதுதான் தனிக்குடித்தனம் வந்திருந்தார். எனக்கு அதெல்லாம் முக்கியமாகப் படவில்லை. வீடு ரோட்டோரம், வாசலில் வேப்பமர நிழல், வண்டி நிறுத்த இடம். பிரதிநிதிக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

கவரின் மேல் ஏற்கெனவே அழகான கையெழுத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்: 'ஏழுமலை, மாசிலாமணி வகையறா. பிரதிநிதி: குமார்.'

குமார் அண்ணன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா மதி இது?"

"எல்லாருக்கும் சேத்துண்ணா. நீங்க சொல்லிடுங்க."

"அப்பாவுக்கா? நான் அங்க போயே ரெண்டு மாசம் ஆவுது."

"பரவால்லண்ணா, போன்ல சொல்லிடுங்க. அப்பிடியே கடப்பாக்கத்துக்கும்."

"கடப்பாக்கத்துக்கா?" என்ற குமார் அண்ணனின் முகத்தில் தெரிந்தது திகில் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று அதைப் பெருமிதம் என்று நினைத்தேன். பொறுப்புக் கொடுத்தால் மனிதர்கள் எப்படிப் பூரிக்கிறார்கள் என்று வியந்துகொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

மூன்று நாள் வேலை காலை நாஸ்தா நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பாக்கி முப்பது பத்திரிகை ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில். நேராக மாமல்லபுரம் போனேன். கடற்கரையில் உட்கார்ந்து வஞ்சிரம் வறுவல் இரண்டு துண்டு சாப்பிட்டேன். இத்தனை காலமாகப் பெரியவர்கள் வெயிலில் வீடு வீடாக அலைந்து காப்பி குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்களே, ஒருத்தராவது கணிதம் படித்திருக்கக் கூடாதா என்று அவர்களுக்காக மனமாரப் பரிதாபப்பட்டேன்.

வீட்டுக்குப் போய், "முடிஞ்சிது நைனா" என்றேன்.

"அதுக்குள்ளவா?"

"எல்லா வீடும் கவர் ஆயிடிச்சி" என்றேன். அது பொய் இல்லை. கணக்குப்படி கவர் ஆகித்தான் இருந்தது.

பத்திரிகை வாங்கியவர்கள் போன் செய்து "கெடச்சிது, வந்துடறோம்" என்று ஒரு வார்த்தை சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். நைனா போனைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஞாயிறு போனது. திங்கள், செவ்வாய் போனது. மணி அடிக்கும்போதெல்லாம் பதறி எடுப்பார். பந்தல்காரராக இருக்கும், இல்லை சமையல்காரராக இருக்கும். புதன்கிழமை அவரே ஏழுமலை சித்தப்பாவுக்குப் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசினார். நான் பக்கத்தில் நின்று பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா ஏழுமல, பந்தக்காலுக்கு வந்துடுவ இல்ல?"

சித்தப்பா, "எந்தப் பந்தக்காலு அண்ணாத்த?" என்றார்.

"செல்வி கல்யாணத்துக்குடா. பத்திரிக வந்திச்சில்ல?"

"எங்க வூட்டுக்கு வர்ல அண்ணாத்த. குமாரு வூட்டாண்ட ஒண்ணு கீதாம். யாரோ சொன்னாங்க. அவன் இன்னாமோ பிரதிநிதியாம். எங்களுக்கெல்லாம் எலெக்சன் எப்ப நடந்திச்சின்னு தெர்ல."

போன் வைக்கப்பட்டது. நைனா என்னைப் பார்த்தார். நான் பூண்டைப் பார்த்தேன்.

அம்மா ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சீட்டைத் தூக்கிய சத்தம் கேட்டது. முப்பது பத்திரிகையோடு உள்ளே வந்தாள். நான் என் நோட்டை எடுத்துவந்து, மூன்று குணம், வகுப்பு, பிரதிநிதி எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினேன். (ஆம், அந்த நேரத்திலும் விளக்கினேன். முட்டாள்தனத்தில் என்னுடைய விடாமுயற்சியை யாரும் குறை சொல்ல முடியாது.)

நைனா முழுவதும் கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை.

"நீ சொல்றது சரிதாம்மா. நாங்க எல்லாம் ஒண்ணுதான். சாமி ஒண்ணு. ஆனா அடுப்பு வேற. பத்திரிக சாமிக்கு வெக்கிறதில்ல, அடுப்புக்கு வெக்கிறது. தனியா ஒல வெக்கிறவனுக்குத் தனியாத்தான் வெக்கணும்."

அவ்வளவுதான். இரண்டு வரியில் என் தேற்றம் தரைமட்டம். ஒரே கூட்டத்தில் சமானத் தொடர்பு ஒன்று மட்டும்தான் இருக்கும் என்று யார் சொன்னது? ஒரே குலதெய்வம் என்று பார்த்தால் ஒரு வகுப்பு, ஒரே அடுப்பு என்று பார்த்தால் முப்பத்தோரு வகுப்பு. நான் விடையைச் சரியாகப் போட்டிருந்தேன். கேள்வியைத்தான் மாற்றிப் போட்டுவிட்டேன்.

நைனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "முப்பது வருசமா அவங்க வூட்டு நல்லது கெட்டது எல்லாத்துலயும் போய் நின்னவன் நானு. இப்ப ஒரு பத்திரிகைய நேர்ல வெக்க ஆளில்லாதவனாயிட்டேன். பங்காளிங்க வந்து கை வெக்காம இந்த வூட்ல பந்தக்கால் நட மாட்டேன். மாப்ள வூட்டுக்குச் சொல்லி தேதிய தள்ளிக்கச் சொல்லு."

உள்ளே செல்வி அக்கா விசும்பும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பந்தக்கால். இடையில் மூன்றே நாள். அழுதால் அந்த வீட்டில் என்னைச் சமாதானப்படுத்த ஒரு ஆள் இல்லை என்பதும் தெரிந்தது. அதனால் அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னேன்: "தேதிய தள்ள வேணாம் நைனா. நாளைக்கே போறேன். முப்பத்தோரு அடுப்பும் ஏறி எறங்குறேன். செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன்."

"அடிப்பாங்க" என்றாள் அம்மா. "நானும் வர்றேன்."

வியாழக்கிழமை விடிந்ததும் நைனாவைச் செல்வி அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம். நான் வண்டி ஓட்ட, பின்னால் அம்மா. அம்மாவின் மடியில் பித்தளைத் தட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமச் சிமிழ், பத்திரிகைக் கட்டு. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் எதிரே வந்த லாரிக் காற்றில் வெற்றிலை எல்லாம் பறந்தது. இறங்கி வயலோரமாக ஓடி ஓடிப் பொறுக்கினோம். ஒரு வெற்றிலைக்காக நான் வாய்க்காலில் கால் வைத்து, ஒரு செருப்பு சேற்றோடு போனது. மீதிப் பயணம் முழுவதும் ஒற்றைச் செருப்பு. (செருப்பால் அடிக்க நினைப்பவர்களுக்கு வசதியாக ஒன்றை மிச்சம் வைத்திருந்தேன் என்று ஏழுமலை சித்தப்பா வீட்டுச் சித்தி இன்றைக்கும் சொல்வாள்.)

ஏழுமலை சித்தப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் இறங்கவில்லை, வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "டேய், எல்லாம் வெளிய வாங்கடா! பிரதிநிதி வந்துகீது!"

தெருவே வந்தது. சித்தி, மூத்த மகன், பேரப்பிள்ளைகள், எதிர்வீட்டு டேவிட் சித்தப்பா. (அவர் வேதத்துக்கு மாறி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். இருந்தாலும் பங்காளி பங்காளிதான். அவருக்கும் பத்திரிகை வரவில்லை என்பதால் கோபத்திலும் பங்கு இருந்தது.)

நான் தட்டை நீட்டினேன். சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டார்.

"நானும் குமாரும் ஒண்ணா?"

"பங்காளி முறையில ஒண்ணுதான் சித்தப்பா."

"அவன் சோறு துன்னா என் வவுறு ரொம்புமா?"

"ரொம்பாது சித்தப்பா."

"அவனுக்குக் காய்ச்சல் வந்தா நான் ஊசி போட்டுக்கணுமா?"

"வேணாம் சித்தப்பா."

"அப்ப அவங்கிட்ட பத்திரிக வெச்சா எனக்கு எப்பிடி வந்து சேரும்?"

பிறகு எத்தனையோ வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஆட்டோ சீட்டில் இருந்தவரைப்போல ஒரு தேர்வாளரை நான் பார்த்ததில்லை. "தப்புதான் சித்தப்பா. நைனாவுக்கு ஒண்ணுமே தெரியாது. அவரு தனித்தனியாத்தான் வெக்கச் சொன்னாரு. படிச்ச திமிருல நான்தான் பண்ணிட்டேன்" என்றேன். இந்த முறை அழுகையை அடக்க முடியவில்லை.

சித்தப்பா ஒற்றைச் செருப்புக் காலைப் பார்த்தார். கொஞ்சம் இறங்கி வந்த மாதிரி இருந்தது. "சரி சரி, அழுவாத. கடப்பாக்கத்துக்காவது ஒழுங்கா வெச்சியா?"

"இல்ல சித்தப்பா. அவங்களுக்கும் குமார் அண்ணன்தான்..."

சித்தப்பா ஆட்டோவிலிருந்து குதித்தார். "இன்னாது? மாசிலாமணிக்கும் வெக்கலியா? எங்க வூட்டு இளைய புள்ள கையில அவனுக்குப் பத்திரிகையா? அவன் மூத்தவன்டி! பங்காளிங்க அத்தன பேருக்கும் மூத்தவன்டி அவன்!"

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறு வருஷமாக, ஒரு ஆட்டுத் தலைக்காக, எந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று நின்றாரோ அந்த வார்த்தையைச் சித்தப்பா நடுத்தெருவில் நின்று கத்திவிட்டார். அவருக்கே தாமதமாகத்தான் உறைத்தது. ஆனால் கோபத்தில் இருந்ததால் பின்வாங்கவும் முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நம்பரைத் தேடினார். ஆறு வருஷம் பேசாதவரின் நம்பர் அதில் பத்திரமாக இருந்தது.

"அலோ. நான்தான். ஏழுமல."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது.

"உனக்கும் வெக்கலியாமே? ...எனக்கும்தான். ...ஆமா, அந்தப் படிச்ச பொண்ணுதான். ...அதான்! அதயேதான் நானும் கேட்டேன்!"

என்னைத் திட்டுவதற்கு அவர்களுக்கு இருபது நிமிஷம் பிடித்தது. அதுவரை நான் தட்டை ஏந்திக்கொண்டு வெயிலில் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

அன்று சதுரங்கப்பட்டினத்தில் பதினேழு அடுப்பு. குமார் அண்ணன் வீட்டையும் விடவில்லை. பழைய கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிதாக வைத்தோம். பிரதிநிதி பதவி பறிபோனதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. மறுநாள் கடப்பாக்கத்தில் பதினான்கு. பெரியப்பா ரொம்ப மரியாதையாக உட்கார வைத்து, முதல் கேள்வியாக, "அவன் சோறு துன்னா..." என்று ஆரம்பித்தார். போனில் பாடம் ஒப்பிக்கப்பட்டிருந்தது. எல்லா வீட்டிலும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். எல்லா வீட்டிலும் காப்பி குடித்தேன். இரண்டு நாளில் முப்பத்தோரு டம்ளர் காப்பி. அதற்கப்புறம் இரண்டு வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை. அதற்குக் குற்ற உணர்ச்சிதான் காரணம் என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் நான்கு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முதல் ஆட்டோவை ஓட்டி வந்தவர் ஏழுமலை சித்தப்பா. அவருக்குப் பக்கத்தில், டிரைவர் சீட்டில் பாதியில் ஒட்டிக்கொண்டு மாசிலாமணி பெரியப்பா. மூங்கிலுக்கு மஞ்சள் பூசி மாவிலை கட்டி எல்லாரும் சேர்ந்து பிடித்தார்கள். மூத்தவர் என்று முதலில் பெரியப்பாவின் கையை இழுத்து வைத்தவர் சித்தப்பாதான். நைனாவை நாற்காலியோடு தூக்கிவந்து, அவர் கையும் மூங்கிலில் படும்படி உட்கார வைத்தார்கள். நைனா வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். செல்வி அக்கா மட்டும் அழவில்லை. முகத்துக்குப் பூசியிருந்தது கலைந்துவிடுமாம்.

அன்று பந்தியில் பெரியப்பாவும் சித்தப்பாவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து என்னைப் பற்றியே பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். என்னோடு மட்டும் யாரும் பேசவில்லை. தனக்குத் தானே மட்டும் உறவாக இருக்கும் வகுப்பு ஒன்று கணக்கில் உண்டு, ஒரே ஒரு உறுப்புதான் இருக்கும். அன்றைக்கு நான் அதில் இருந்தேன். சாம்பார் வாளியோடு.

கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். நான்கு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் வந்தது. இந்தத் தடவை நைனாவே இரண்டு காலோடும் நடந்துபோய் எல்லா அடுப்புக்கும் வைத்துவிட்டு வந்தார். எல்லாரும் போன் செய்து, "வந்துடறோம்" என்றார்கள்.

பந்தக்கால் நாளன்று குறித்த நேரத்துக்கு ஒரே ஒரு பைக் வந்தது. அதிலிருந்து குமார் அண்ணன் மட்டும் இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம்.

"மத்தவங்க எங்கண்ணா?"

"யாரும் வர்ல மதி. எல்லாருக்கும் சேத்து நான் வந்துகீறேன். பிரதிநிதி" என்றார். முகத்தில் ஒரு சிரிப்புக் கூட இல்லை.

நான் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தேன். காலியாக இருந்தது. மூங்கில் சுவரில் சாய்ந்திருந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். நைனா துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் பூசிய மஞ்சளோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு பெரிய கூட்டத்தில் எனக்காக வர ஒரு ஆள் இல்லை என்றுதான் தோன்றியது. அன்று முப்பது வீட்டில் இப்படித்தானே இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நோட்டில் எழுதியபோது புரியவில்லை, திட்டு வாங்கியபோதும் முழுசாகப் புரியவில்லை.

பத்து நிமிஷம் இருக்கும். தெரு முனையில் பிள்ளையார் கோயில் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆட்டோ வந்துகொண்டே இருந்தது. முன்னால் ஏழுமலை சித்தப்பா, பக்கத்தில் பெரியப்பா. பின்னால் தொங்கிக்கொண்டு டேவிட் சித்தப்பா. எல்லாரும் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் துண்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நைனாவும் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பங்கு.

சித்தப்பா வந்து என் முன்னால் நின்றார்.

"எப்பிடி இருந்திச்சி?"

"பேஜாரா இருந்திச்சி சித்தப்பா" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அதான்" என்றார். என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு மூங்கிலைப் பிடிக்கப் போனார்.

இப்போது செங்கல்பட்டில் பதினோராம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சமானத் தொடர்பு வரும் நாளில் கரும்பலகையில் ஒரே சாமி, ஒரே அடுப்பு என்று இரண்டு உதாரணம் எழுதுவேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். எந்தக் கணக்குக்கு எந்த உறவு என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும் என்பதை மூன்று தடவை சொல்லுவேன். ஏன் மூன்று தடவை என்று கேட்டால் சொல்வதில்லை.

தாலி ஏறியதும் நான் வேறு வகையறாவுக்குப் போய்விட்டேன். கணக்குப்படி பழைய வகுப்பில் எனக்கு இடமில்லை. ஆனாலும் சதுரங்கப்பட்டினத்திலோ கடப்பாக்கத்திலோ காதுகுத்து, கிரகப்பிரவேசம், எது வந்தாலும் எனக்குத் தனியாகப் பத்திரிகை வருகிறது. கவரின் மேல் என் பெயர் இருப்பதில்லை. 'பிரதிநிதி' என்று மட்டும் எழுதியிருக்கும். என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் அதை நான் படித்து வாங்கிய பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கவரை யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டார்கள். தட்டில் வைத்து, நேரில் வந்து, நான் வீட்டில் இல்லாவிட்டால் நான் வரும்வரை உட்கார்ந்திருந்து, என் கையில்தான் கொடுப்பார்கள்.